நிலமும் பொழுதும்: காட்டுவழியும் கடற்கரைவழியும் செல்லவிருக்கும் தங்கை மகளுக்கு ஒரு மடல்

பத்துமலை



பிரிக்பீல்ட்சிலிருந்து தோழியருடன் காரில் புறப்பட்டு, மழைக்காட்டையும் மலாக்கா நீரிணைக் கரையையும் இரண்டு நாளில் கண்டு திரும்புவதற்கு வரையப்பட்ட திட்டம் கிடைத்தது. இளையோர் தாம் பிறந்த மாநிலத்தைத் தம் கண்ணால் பார்க்க விரும்புவது பெரியோருக்கு நிறைவு தரும் செய்தியாகும். ஆயினும் அத்திட்டத்தில் இடங்களின் பட்டியல் நீண்டும், அவ்விடங்களுக்குரிய வேளைகளைப் பற்றிய குறிப்பு ஏதுமின்றியும் இருப்பதால், அதனைச் செப்பம் செய்வதற்கான சில கருத்துகள் இம்மடலில் முறையாகத் தொகுத்துரைக்கப்படுகின்றன. அவற்றின் சாரம் ஒன்றே: வழியைத் தீர்மானிப்பதற்கு முன் நாளைத் தீர்மானிக்க வேண்டும், நாள் அமைந்தபின் வேளைகளை வகுக்க வேண்டும், அதன்பிறகு எந்த இடத்தைச் சேர்ப்பது, எதனை விடுவது என்பது தானே விளங்கும்.

இம்முறை தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்று வகுத்தது. ஒரு பாடலில் நிகழும் எதற்கும் அடிப்படையாக நிற்கும் இடமும் காலமும் என்பது அதன் பொருள். காலம் மேலும் இரண்டாகப் பகுக்கப்பட்டு, ஆண்டின் பருவங்கள் பெரும்பொழுது எனவும், ஒரு நாளின் வேளைகள் சிறுபொழுது எனவும் பெயர் பெற்றன. காடாகிய முல்லைக்கு மாலையும், மலையாகிய குறிஞ்சிக்கு யாமமும், கடற்கரையாகிய நெய்தலுக்குக் கதிரவன் சாயும் எற்பாடும் உரியவை என்று அந்நூலின் மரபு கொள்கிறது. மலேசிய மண்ணின் மழையும் வெயிலும் தமிழகத்தினின்று வேறுபடுவதால் இங்குக் காட்டிற்கு உரிய வேளை மாலையாக அமையாது, காலையாக அமையும் என்றாலும், ஒவ்வொரு நிலத்தையும் அதற்குரிய பொழுதில் வைத்தே காண வேண்டும் என்னும் கோட்பாடு எந்த மண்ணிற்கும் பொருந்துகிறது.

முதலில் வழியின் பொது வடிவத்தை அறிந்துகொள்வது நன்று. பத்துமலையிலிருந்து வடக்கே செலாயாங்கைக் கடந்து கஞ்சிங் காட்டை அடையும் சாலை, ரவாங் நகரைத் தொட்டு, அங்கிருந்து மேற்கே திரும்பி, முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோலசிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. கோலசிலாங்கூரிலிருந்து ஜெராம், காப்பார் ஆகிய ஊர்களின் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை கிள்ளானை அடைய, கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை பிரிக்பீல்ட்சுக்கு மீட்டுக் கொண்டுவருகிறது. இந்த வட்டத்தின் மொத்தத் தொலைவு 200 கிலோமீட்டரை எட்டாது. ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடக்கூடிய இத்தொலைவிற்கு இரண்டு நாளை ஒதுக்குவதுதான் இப்பயணத்தின் சிறப்பாகும். சாலையில் செலவாகும் நேரம் குறைவாக இருந்தால்தான் நிறுத்தங்களில் நிற்பதற்கு நேரம் இருக்கும்.

நாளைத் தேர்வதற்கு வேண்டிய கருவி ஒவ்வொரு மலேசியத் தமிழர் வீட்டுச் சுவரிலும் தொங்குகின்ற நாள்காட்டியே ஆகும். அதில் அச்சிடப்பட்டிருக்கும் திதி, நல்ல நாள் பார்ப்பதற்கு மட்டுமின்றிக் கடலையும் இருளையும் கணிப்பதற்கும் உதவுகிறது. கோலசிலாங்கூருக்கு அருகிலுள்ள கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றின் கரையோர மரங்களில் ஒளிரும் மின்மினிகளைக் காண நிலவற்ற இரவு வேண்டும். நிலவொளி மிகும்போது பூச்சிகளின் சிற்றொளி கண்ணுக்கு மங்கிவிடுகிறது. தேய்பிறையின் பிற்பகுதியில் நிலவு நள்ளிரவுக்குப் பின்னரே எழுவதாலும், வளர்பிறையின் முதல் மூன்று நாட்களில் மெல்லிய பிறை விரைவில் மறைந்துவிடுவதாலும், அமாவாசையைச் சூழ்ந்த ஒரு வாரத்தின் முன்னிரவுகள் இருண்டிருக்கின்றன.

அதே அமாவாசை கடலுக்கும் ஏற்ற நாளாகிறது. கடல்நீர் நாளுக்கு இருமுறை உயர்ந்தும் இருமுறை தாழ்ந்தும் வருவது ஓதம் எனப்படும். உயர்வதைக் கடலோர மக்கள் ஏற்றம் என்றும், தாழ்வதை வற்றம் என்றும் வழங்குவர். கதிரவனும் நிலவும் பூமியும் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமையும் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கதிரவன், நிலவு ஆகிய இரண்டின் ஈர்ப்பும் ஒருங்கு சேர்வதால், அந்நாட்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்றம் மிக உயர்ந்தும் வற்றம் மிகத் தாழ்ந்தும் இருக்கும். இதனைப் பேரோதம் என்று குறிக்கலாம். மலாக்கா நீரிணையின் இப்பகுதியில் பேரோத நாட்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குவதுண்டு. சாசாரான் கரைக்கு அப்பால் கடல் நடுவே மறைந்திருக்கும் மணல்திட்டு அத்தகைய ஆழ்ந்த வற்றத்தில்தான் வெளிப்படுகிறது. அதன்மேல் தங்கிய ஒரு விரற்கடை நீரில் வானம் முழுவதும் நிழலாடுவதால் மக்கள் அதனை வானக் கண்ணாடி என்று கொண்டாடுகின்றனர். பௌர்ணமியில் திட்டு வெளிப்படும், ஆனால் மின்மினி மங்கும். அரைநிலவு நாட்களில் மின்மினி ஓரளவு தெரியக்கூடும், ஆனால் திட்டு நீருக்கடியில் கிடக்கும். இரண்டும் ஒருங்கே கைகூடுவது அமாவாசையிலும் அதனை அடுத்த இரண்டு மூன்று நாட்களிலுமே என்பதால், பயண நாளை அதற்குள் அமைப்பதே அறிவுடைமை. ஓத நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துவதால், தேர்ந்த நாளுக்குரிய ஓத அட்டவணையைத் தனியே பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

பெரும்பொழுதைப் பற்றிய சிந்தனையும் இன்றியமையாதது. தீபகற்பத்தின் கிழக்குக் கரையை அலைக்கழிக்கும் வடகிழக்குப் பருவமழை, நடு மலைத்தொடரால் தடுக்கப்படுவதால், சிலாங்கூரை அத்துணை கடுமையாகத் தாக்குவதில்லை. ஆனால் இரண்டு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வெயிலில் சூடேறிய காற்று மேலெழுந்து முகிலாகி, பிற்பகலில் இடியுடன் கூடிய பெருமழையாகக் கொட்டுவது வழக்கம். தென்மேற்குப் பருவக் காலத்தில் நீரிணைக்கு அப்பாலிருந்து விடியலுக்கு முன் திரண்டு வரும் சூறைமழை சுமத்திரா என்னும் பெயரால் அறியப்படுகிறது. அது கடுமையாக வீசினாலும் முற்பகலுக்குள் ஓய்ந்துவிடும். ஜூன், ஜூலை மாதங்கள் ஒப்பளவில் மழை குறைந்தவை. ஆகஸ்டு, செப்டம்பரில் சில ஆண்டுகளில் புகைமூட்டம் சூழ்ந்து தொலைவுக் காட்சிகளை மறைத்துவிடுவதுண்டு. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பத்துமலையைச் சூழ்ந்த சாலைகள் பக்தர்களுக்காக மூடப்படுவதால் அந்நாட்களைத் தவிர்ப்பதே முறை.

நாள் இவ்வாறு அமைந்தபின், முதல் நாளின் வேளைகள் எளிதாக ஒழுங்குபடும். பிற்பகல் மழைக்கு முன் காட்டைக் கண்டு முடிக்க வேண்டும். கதிரவன் சாயும்போது கடலைப் பார்க்கும் மேட்டில் இருக்க வேண்டும். இருள் சூழ்ந்தபின் ஆற்றில் இருக்க வேண்டும். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் கதிரவன் காலை ஏழு மணியை ஒட்டி எழுந்து, மாலை ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில் மறைவதால், இக்கணக்கு எந்த மாதத்திலும் பெரிதும் மாறுவதில்லை.

முதல் நிறுத்தம் பத்துமலையாக அமைவது வழிபாட்டிற்கும் அறிவிற்கும் ஒருசேரப் பொருத்தமானது. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் இக்குகையில் முருகன் வழிபாடு நிலைபெற்று, 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருவதும், 272 படிகளின் அடியில் 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. பலரும் நின்று நோக்காதது அக்குன்றின் கல்லேயாகும். அது சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில், உயிரினங்களின் ஓடுகளும் சுண்ணமும் படிந்து இறுகி உருவான பாறை. பின்னர் நிலம் உயர்ந்து, மழைநீரில் கலந்த மெல்லிய அமிலம் அதனைக் கரைத்துக் கரைத்துக் குகைகளைக் குடைந்தது. காலை ஏழு மணிக்குப் படியேறுவோர் மேற்குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீரைச் சற்று நேரம் கவனித்தால், அக்குடைவு இன்றும் தொடர்வதைக் கண்கூடாக உணர்வர். கடற்கரை நோக்கிய பயணம் ஒரு பழைய கடலின் தரையிலிருந்தே தொடங்குகிறது என்னும் அறிவு, அடுத்து வரும் எல்லா நிறுத்தங்களையும் பார்க்கும் பார்வையைக் கூர்மையாக்கும்.

இரண்டாம் நிறுத்தம் கஞ்சிங் காடு. பத்துமலையிலிருந்து அரைமணி நேரத்திற்குள் எட்டக்கூடிய இக்காட்டில் ஓர் ஓடை ஏழு அடுக்குகளாக அருவியாய் இறங்குகிறது. கீழ் அடுக்குகளுக்குப் படிகள் உண்டு, மேலே செல்லச் செல்ல வழி செங்குத்தாகிறது. ஏழையும் ஏறி முடிப்பது குறிக்கோளாக இருத்தல் வேண்டியதில்லை. மூன்று அடுக்குகளோடு நின்று, காட்டின் அமைப்பைப் பார்ப்பதற்கு மீதி நேரத்தைச் செலவிடுவது நன்று. மலேசியத் தாழ்நில மழைக்காட்டின் தலைமக்களாக விளங்குபவை இருசிறகுக் கனி மரங்கள். மெரந்தி, கெருயிங், செங்கால், கபூர் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பூவின் புறவிதழ்களே நீண்டு வளர்ந்து கனிக்குச் சிறகுகளாக மாறுவதால் இப்பெயர் ஏற்பட்டது. இம்மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, வெவ்வேறு இன மரங்கள் பலவும் ஒரே பருவத்தில் திரளாகப் பூத்துக் கனியுதிர்க்கின்றன. உண்ணும் விலங்குகளெல்லாம் வயிறு நிரம்பிய பின்னும் எஞ்சும் விதைகள் முளைப்பதற்கு இத்திரள்பூப்பு வழிசெய்கிறது என்பது அறிவியலார் கூறும் விளக்கம். தடத்தோரத்தில் சருகுக்கிடையே உலர்ந்த சிறகுக் கனி ஒன்று கிடைத்தால், அதனைக் கையை உயர்த்தி மேலிருந்து விட்டுப் பார்க்கலாம்; அது பம்பரம்போல் சுழன்று மெல்ல இறங்கும். பார்த்தபின் அதனை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவது கடமை.

இக்காட்டின் அருமை அதன் அளவைப் பொறுத்ததன்று. ஹோப்பியா சுபலாத்தா என்னும் மரவினம் இயற்கையில் கஞ்சிங் காட்டில் மட்டுமே வளர்வதாக அறியப்பட்டுள்ளது. ரவாங் நகரின் நெரிசலைத் தவிர்ப்பதற்கு 2017 இல் திறக்கப்பட்ட புறவழிச்சாலை, இக்காட்டுப் பகுதியைக் கடக்கும்போது தரையில் போடப்படாமல் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டது. அவற்றுள் மிக உயர்ந்த தூண் 58 மீட்டர் உயரமுடையது. காட்டை வெட்டித் தரையில் சாலை போடும் வழக்கமே மேலோங்கிய காலத்தில், மரங்களின் பொருட்டுச் சாலையையே மேலே தூக்கிய இம்முயற்சி, வளர்ச்சிக்கும் இயற்கைக்கும் இடையே இணக்கம் காண இயலும் என்பதற்குச் சான்றாகும்.

காட்டருவியில் உயிருக்கு ஊறு விளைவிப்பது பாம்பைவிட நீரே. மேட்டுப் பகுதியில் பெய்யும் மழை, கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே திடீர்ப் பெருக்காக வந்திறங்கும். மலாய்மொழியில் கெப்பாலா ஆயர் எனப்படும் இப்பெருக்கு பலரை அடித்துச் சென்றிருக்கிறது. தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிகுதியாக மிதந்து வருவதும், இரைச்சல் மாறுவதும் அதன் அறிகுறிகள். அவற்றுள் ஒன்று தென்பட்டாலும் பொருள்களை எடுக்க நில்லாமல் மேட்டிற்கு ஏறிவிட வேண்டும். காட்டைக் காலையில் வைத்துக்கொள்ளும்படி இம்மடல் வற்புறுத்துவதன் முதன்மைக் காரணம் இதுவே. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் இந்நாட்டு அருவிகளில் அறியப்பட்ட நோய் ஆதலால், காலில் ஆறாத புண் உள்ளவர் நீரில் இறங்காதிருப்பது நலம்.

கெப்போங்கிலுள்ள வன ஆய்வு நிலையத்தையும் பட்டியலில் சேர்க்கும் எண்ணம் போற்றத்தக்கது. ஆயினும் ஒரே காலையில் இரண்டு காடுகள் கூடா. அந்நிலையம் 1929 இல் தொடங்கப்பட்டது. ஈயம் தோண்டிப் பாழான நிலத்திலும் காய்கறித் தோட்டங்களிலும் மரம் நட்டு வளர்த்த காடு என்பதால், 2025 இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், இடையே ஆற்றுக் கால்களைப் போன்ற வான்வெளியை விட்டு நிற்கும் காட்சி புகழ்பெற்றது. உச்சி விலகல் என்று அதனைக் கூறலாம். கபூரின் மரவயிரத்தில் விளைந்த இயற்கைக் கற்பூரத்தைத் தேடித் தமிழ் வணிகர் கடல் கடந்தனர். அக்கற்பூரத்திற்குப் பெயர்பெற்ற சுமத்திராவின் பாருஸ் துறையை அடுத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதும், அதன் ஆண்டு 1088 என்பதும் வரலாறு. இன்று கோயில்களில் ஏற்றப்படும் கற்பூரம் பெரும்பாலும் பைன் வகை மரங்களின் தைலத்திலிருந்து ஆலைகளில் செய்யப்படுவது. இத்துணை செய்தி பொதிந்த இடத்தை அரைமணி நேரத்தில் கடப்பது அதற்குச் செய்யும் நீதியன்று. அதற்கென்று வேறொரு நாளை ஒதுக்குவதே தக்கது.

ரவாங்கிலிருந்து கோலசிலாங்கூருக்கு 2011 இல் திறக்கப்பட்ட விரைவுச்சாலை உண்டு. நேரம் குறைந்தோருக்கு அது நல்ல வழி. பெஸ்தாரி ஜெயா வழியாகச் செல்லும் பழைய சாலையோ செம்பனைத் தோட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் ஊடே செல்வதால், நாட்டின் வரலாற்றையே காட்டிச் செல்கிறது. இன்று செம்பனை நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் பால்மரம் நின்றது. அதனை வெட்டிப் பாலெடுத்தவர்களுள் பெரும்பாலோர் கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். கங்காணி முறை என்பது தோட்டத்துத் தொழிலாளி ஒருவனையே ஊருக்கு அனுப்பி, அவன் உறவினரையும் ஊராரையும் ஆள்சேர்த்து வரச்செய்யும் ஏற்பாடாகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயத்து வீடுகள் மறைந்த பின்னும், சாலையோரத்தில் மரத்தடி முனீஸ்வரர் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் நின்று அவ்வாழ்வை நினைவூட்டுகின்றன. அத்தகைய கோயில் ஒன்றின் முன் பத்து நிமிடம் நின்று செல்வது, பட்டியலில் இடம்பெறாத மிகச் சிறந்த நிறுத்தமாக அமையும்.

பிற்பகல் நான்கு மணியளவில் கோலசிலாங்கூரை அடைந்து, தங்குமிடத்தில் சற்று ஓய்ந்தபின் புக்கிட் மெலாவாத்திக் குன்றில் ஏற வேண்டும். சிலாங்கூர் சுல்தான்களின் பழைய தலைநகராயிருந்த இக்குன்றின் கோட்டையை 1784 இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். மரபின் முதல் மூன்று சுல்தான்களின் கல்லறைகள் இங்கே உள்ளன. 1907 இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. குன்றில் கூட்டமாக வாழும் வெள்ளிநிறக் குரங்குகளின் குட்டிகள் பிறக்கும்போது செம்மஞ்சள் நிறமாயிருந்து, சில மாதங்களில் கரும்சாம்பல் நிறமாக மாறுகின்றன. இலையே உணவாகக் கொண்ட அவற்றின் வயிறு ரொட்டிக்கும் பழத்திற்கும் ஏற்றதன்று என்பதால், அங்கு விற்கப்படும் தீனியை வாங்காதிருப்பதே அவற்றின்மேல் காட்டும் அன்பாகும். குன்றின் அடிவாரத்திலுள்ள இயற்கைப் பூங்கா 1987 இல் அமைக்கப்பட்டது. கண்டல் மரங்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டும் மூச்சுவேர்களையும், சேற்றின்மேல் தாவித் திரியும் மீன்களையும் அங்குள்ள நடைமேடையிலிருந்து பார்க்கலாம்.

இருள் நன்கு பரவிய எட்டு மணிக்கு மின்மினி ஆற்றைச் சேர வேண்டும். கம்போங் குவாந்தானில் துடுப்பால் செலுத்தும் சிறு படகுகளே பயன்படுவதால், இயந்திர ஒலியும் புகையும் இல்லை. தேரோப்டிக்ஸ் தெனெர் என்னும் இம்மின்மினிகள் கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் திரண்டு அமர்கின்றன. ஆண் பூச்சிகள் ஒரே கதியில் ஒளிவிட்டு அணைவதால், மரம் முழுவதும் ஒருசேர மினுங்கி ஒருசேர இருள்கிறது. இவற்றின் புழுக்கள் ஆற்றங்கரையின் ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆகவே மரம் நிற்பது மட்டும் போதாது; கரைமண் வெட்டப்படாதிருக்க வேண்டும், நஞ்சு கலவாதிருக்க வேண்டும், கடலிலிருந்து ஏறும் உப்புநீரும் மலையிலிருந்து இறங்கும் நன்னீரும் உரிய அளவில் கலந்திருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்நீரில் பாதிக்கும் மேற்பட்டது இச்சிலாங்கூர் ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது என்னும் செய்தியை இங்கு எண்ணிப் பார்த்தால், பிரிக்பீல்ட்சின் ஓர் அடுக்ககத்தில் வீணாக ஓடும் குழாய்க்கும் இக்கரையின் ஒளிக்கும் உள்ள தொடர்பு புலப்படும். கைவிளக்கு, கைப்பேசி வெளிச்சம், கொசுவிரட்டித் தூறல் ஆகிய மூன்றையும் படகில் தவிர்த்தல் வேண்டும். முழுக்கைச் சட்டையே கொசுவிற்குப் போதிய காப்பு. கைப்பேசியின் படக்கருவியில் இவ்வொளி பதிவதரிது ஆதலால், அதனைப் பையிலேயே வைத்துவிட்டுக் கண்ணை இருளுக்குப் பழக்குவது மேல்.

இரண்டாம் நாளின் நேரத்தைக் கடலே வகுக்கும். ஓத அட்டவணையில் வற்றத்தின் நேரம் எதுவோ அதற்கேற்பச் சாசாரான் மணல்திட்டுக்குப் படகு புறப்படும். உரிமம் பெற்ற படகா, ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை உண்டா என்பதை உறுதிசெய்யாமல் ஏறலாகாது. ஏற்றம் தொடங்கியதும் திட்டு விரைவில் மூழ்கிவிடும் என்பதால் படகோட்டி அழைத்த உடனே திரும்புவது கட்டாயம். இக்கரையில் வெண்மணல் கடற்கரையை எதிர்பார்த்து வருவோர் ஏமாற்றமடைவர். சுமத்திராவும் தீபகற்பமும் இருபுறமும் காக்கும் ஒடுங்கிய நீரிணையில் பேரலைகள் எழாமையாலும், ஆறுகள் வண்டலை ஓயாது கொண்டுவந்து சேர்ப்பதாலும், மணல் தங்காது சேறே விரிகிறது. சேறு இழிவன்று, இறாலும் நண்டும் சிப்பியும் அதில்தான் பிறக்கின்றன, வடபுலத்துக் குளிருக்குத் தப்பி வரும் பறவைகள் அதில்தான் இரை தேடுகின்றன. ஜெராமில் மதிய உணவாகக் கிடைக்கும் மீனும் நண்டும் அச்சேற்றின் கொடையே.

தெற்கே காப்பாரைக் கடந்து கிள்ளானை நெருங்கும் சாலையில் இருபுறமும் நேர்க்கோடாக ஓடும் வடிகால்களைக் கவனிக்க வேண்டும். 1901 இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் இன்றைய கிள்ளான் துறைமுகம் திறக்கப்பட்டபோது மலேரியா பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர். கிள்ளானில் மாவட்ட மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன், தேங்கிய நீரை வடித்துக் கொசுக்களைக் கட்டுப்படுத்தும் முறையைக் கையாண்டு பெருவெற்றி கண்டார். அதே வட்டாரத்தின் தோட்டங்களில்தான் 1941 இல் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் பிள்ளைகளுக்குக் கல்வியும் கள்ளுக்கடை மூடலும் கேட்ட அவர்கள், வெள்ளைத் துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவான வழக்கத்தை ஒழிக்கவும் கோரினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டார். இன்று எவருக்கும் இறங்காமல் அச்சாலையில் கார் ஓட்டிச் செல்லும் உரிமை எவ்வாறு வந்தது என்பதை இளையோர் அறிந்திருத்தல் வேண்டும். கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் வாழையிலைச் சோறு உண்டபின், 1886 இல் கோலாலம்பூரைக் கிள்ளான் ஆற்றோரத்துடன் இணைத்த சிலாங்கூரின் முதல் இருப்புப்பாதையின் திசையை ஒட்டியே வீடு திரும்பலாம். பிரிக்பீல்ட்சு ஊராக வளர்ந்ததில் இருப்புப்பாதைத் தொழிலாளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

எதை விடுவது என்பதிலும் தெளிவு வேண்டும். வடக்கிலுள்ள செகிஞ்சான் வயல்கள் ஆண்டுக்கு இருபோகம் விளைபவை. பயிர் பசுமையாயிருக்கும் மாதத்திலோ கதிர் முற்றிய மாதத்திலோ செல்லாவிட்டால் உழுத சேற்றையே காண நேரும். மா மெரி பூர்வகுடியினரின் மரச்சிற்பக் கலை வாழும் கேரித் தீவும், 1945 செப்டம்பரில் நேசப் படைகள் கரையிறங்கிய மோரிப் கடற்கரையும் தென்வழிப் பயணத்திற்கு உரியவை. இவற்றை இந்த இரண்டு நாளுக்குள் திணித்தால் எல்லா இடத்திலும் கார்க்கதவைத் திறந்து மூடியது மட்டுமே மிஞ்சும். வழியோரக் கோயில்முன் சற்று நிற்பதைச் சேர்க்காமல், ஒரு நாளுக்கு நான்கு நிறுத்தம் என்பது மேல்வரம்பு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்க்க வேண்டிய ஒரு பொருளை முன்கூட்டியே குறித்துக்கொண்டால், அரைமணி நேரமும் நிறைவுடையதாகும். கல்லில் கசியும் நீர், சிறகுள்ள கனி, மரத்தடிக் கோயில், செம்மஞ்சள் குட்டி, ஒருசேர மினுங்கும் மரம் என்று ஒவ்வோரிடத்திற்கும் ஒன்று போதும்.

வண்டியைப் பொறுத்தவரை, இந்நாட்டு மழையில் முதலில் சோதிக்க வேண்டியவை கண்ணாடித் துடைப்பானும் சக்கரத்தின் தேய்மானமும் ஆகும். கூட்டரசுச் சாலையில் வேக வரம்பு 90 கிலோமீட்டர் என்றிருந்தாலும், ஐந்தாம் எண் சாலையில் கனரக லாரிகளும் குறுக்கிடும் மோட்டார்சைக்கிள்களும் மிகுதி என்பதால், எழுபதைத் தாண்டாதிருப்பது நன்று. கண்மறைக்கும் மழையில் நிறுத்த நேர்ந்தால் சாலை ஓரத்தில் நிற்காமல் பெட்ரோல் நிலையம் வரை மெல்லச் சென்று நிற்க வேண்டும். படகுப் பயணம் முடிந்த இரவில் கோலாலம்பூருக்குத் திரும்பும் எண்ணம் எழலாம். பகலெல்லாம் காட்டில் ஏறி இறங்கிய களைப்போடு இருண்ட சாலையில் ஓட்டுவது தகாது, கோலசிலாங்கூரிலேயே தங்குவதுதான் தக்கது.

எனவே இப்போது செய்ய வேண்டியவை மூன்று. நாள்காட்டியைப் பார்த்து, அடுத்துவரும் அமாவாசைகளுள் வார இறுதியை ஒட்டியதைத் தேர்ந்து, அதற்குரிய வற்ற நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் தங்குமிடத்தையும் படகையும் அந்நாளுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். மூன்றாவதாக, நிறுத்தங்களையும் நேரங்களையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் ஒரு படி கொடுத்துச் செல்ல வேண்டும். வானிலை மாறினால் நாளைத் தள்ளி வைக்கத் தயங்க வேண்டியதில்லை. அடுத்த அமாவாசை ஒரு திங்களுக்குள் வந்துவிடும், காடும் கடலும் அதுவரை காத்திருக்கும். தோழியர் அனைவரும் நலமே சென்று நலமே திரும்ப முருகன் அருள் துணை நிற்பதாக.

அன்புடன்,
மாமா